வீட்டுக் கணிப்பொறி வைத்தியருக்குச் சில யோசனைகள்



நம் பெங்களூரில் ஒரு விசித்திரம் உண்டு. உலகத்துக்கெல்லாம் கணிப்பொறி வேலை செய்து கொடுக்கிற ஊர் இது. ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் நம் பிள்ளைகள் இரவு பகலாக எங்கோ இருக்கும் கம்பெனிகளின் கணிப்பொறிகளைச் சரி செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அதே பிள்ளையின் தாயாருக்குச் செல்போனில் மின்சாரக் கட்டணம் கட்டத் தெரியவில்லை என்றால், "மாமாவைக் கேளு அம்மா, எனக்கு மீட்டிங் இருக்கு" என்று பதில் வருகிறது. அப்படிப்பட்ட மாமா ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அது அடியேன்.

என்னைப் போன்ற மாமாக்களுக்காகவும், அவர்களை நம்பியிருக்கும் அத்தைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். உதவி செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எப்படி உதவி செய்யக் கூடாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மாட்டிக்கொண்ட கதை

நான் டிப்ளமா படித்துவிட்டு 1981இல் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்தவன். 2019இல் ஓய்வு பெற்றேன். சிக்னல் எஞ்சினீயருக்கும் கணிப்பொறிக்கும் அவ்வளவு நெருங்கிய உறவு கிடையாது. ஆனால் உறவினர்களுக்கு எஞ்சினீயர் என்றால் எல்லா மிஷினும் தெரிந்தவர் என்று பொருள்.

1999இல் மகன் படிப்புக்காக வீட்டில் ஒரு கணிப்பொறி வாங்கினோம். மவுஸ் நகரவில்லை என்று மைத்துனர் வீட்டிலிருந்து ஒரு நாள் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்து மவுஸுக்கு அடியில் ரப்பர் உருண்டை ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, உள்ளே உருளையில் சுற்றியிருந்த அழுக்கைச் சுரண்டி எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. காப்பியும் கிடைத்தது, "அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை" என்ற பட்டமும் கிடைத்தது. அன்று ஆரம்பித்தது இது.

பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. 2002 ஆகஸ்டில் ரயில் டிக்கெட்டை இணையத்தில் வாங்கும் வசதி வந்தது. ரயில்வேக்காரன் என்பதால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் போகிற எல்லோருடைய டிக்கெட்டும் என் தலையில் விழுந்தது. 2014 நவம்பரில் ஓய்வூதியக்காரர்களுக்கு மின்னணு உயிர்ச் சான்றிதழ் வந்தது. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும், காய்கறிக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை கட்டம் போட்ட படத்தை மாட்டி வைத்துவிட்டார்கள். 2020இல் கொரோனா வந்து வீட்டுக்குள் அடைத்ததோடு, மிச்சமிருந்த எல்லாமும் செல்போனுக்குள் போய்விட்டது. அப்போது நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கேட்கவா வேண்டும்?

இரவு பத்து மணிக்குச் சம்பந்தி கூப்பிடுவார், டி.வி.யில் படம் வரவில்லை என்று. காலை பத்து மணிக்கு ஏ.சி. வகுப்புத் தட்கல், பதினோரு மணிக்குச் சாதாரண வகுப்புத் தட்கல். நடுவில் சித்தப்பாவின் கேஸ் பதிவு. வேலையை எளிதாக்க நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு நீள நோட்டில் எல்லோருடைய கடவுச்சொல், ரகசிய எண், வங்கி விவரம் எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். பதினோரு பேருடைய விவரங்கள். யாராவது கூப்பிட்டால் நோட்டைப் பிரித்து, ஓ.டி.பி. மட்டும் கேட்டு, வேலையை நானே முடித்துவிடுவேன். அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் சீக்கிரம் முடிந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அந்த நோட்டுதான் நான் போட்டுக்கொண்ட மண்.

அக்காவின் கணக்கு

என் அக்கா ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறார். வயது எழுபத்தொன்று. அத்திம்பேர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. குடும்ப ஓய்வூதியம் வங்கிக் கணக்கில் வருகிறது. மகன் புனேயில் வேலை. நான் கிருஷ்ணராஜபுரத்தில் இருப்பதால் மெட்ரோவில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறி அடிக்கடி போய் வருவேன். செல்போன் வேலை எல்லாம் நான்தான்.

2024 ஆடி மாதம் மருமான் ஊரிலிருந்து வந்திருந்தான். ஒரு நாள் மாலை தனியாக என் வீட்டுக்கு வந்தான். காப்பி குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை பேசினான். பிறகு சொன்னான்: "மாமா, தப்பா நினைக்காதீங்க. அம்மா கணக்குல மாசா மாசம் 499 ரூபாய் போயிட்டிருக்கு. ஒன்பது மாசமா. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியல. ரகசிய எண் உங்களுக்கும் தெரியும் இல்லையா, அதான் கேட்டேன்."

அவன் மரியாதையாகத்தான் கேட்டான். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்பது மாதத்துக்கு 4,491 ரூபாய். முப்பத்தெட்டு ஆண்டு அரசாங்கச் சாமான்களுக்குக் கணக்கு வைத்தவன் நான். ஒரு ரிலே குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. பெற்ற பிள்ளை போல வளர்த்த மருமான் வந்து கேட்கும்படி ஆகிவிட்டதே என்று மனம் குமைந்தது.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய், பயன்படுத்தும் யு.பி.ஐ. செயலியில் தானியங்கிக் கட்டணப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். விஷயம் புரிந்தது. முந்தைய ஆண்டு நவராத்திரியின்போது, பக்திப் பாடலும் சொற்பொழிவும் கேட்க ஒரு செயலி வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். முதல் மாதம் ஒரு ரூபாய் என்று போட்டிருந்தது. ஒரு ரூபாய்தானே என்று நோட்டைப் பார்த்து ரகசிய எண்ணைப் போட்டவன் நான்தான். அது ஒரு ரூபாய்க்கு மட்டும் கொடுத்த சம்மதம் அல்ல. மாதா மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்ற சம்மதம். அப்போதிருந்த விதிப்படி, முதல் முறை ரகசிய எண் போட்டுச் சம்மதித்துவிட்டால், 15,000 ரூபாய் வரை உள்ள மாதாந்திரக் கட்டணங்களுக்கு மறுபடி எண் கேட்க வேண்டியதில்லை. பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னதாகக் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். அதுவும் ஒன்பது முறை வந்திருக்கிறது. "இங்கிலீஷ்ல வர்றதெல்லாம் விளம்பரம்தானேன்னு அழிச்சுட்டேன்டா" என்றார் அக்கா.

திருடன் யாரும் இல்லை. ஆனால் மருமானின் சந்தேகம் முழுவதும் தவறும் இல்லை. பணம் போனதற்குக் காரணமான கை என் கைதான். அந்தச் சம்மதத்தை அங்கேயே ரத்து செய்தேன். பணத்தை நான் கொடுக்கிறேன் என்றேன், அக்கா வாங்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து அந்த நீள நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன்.

ரிலே அறையின் இரண்டு பூட்டுகள்

ரயில் நிலையங்களில் ரிலே அறை என்று ஒன்று உண்டு. எந்த சிக்னல் எப்போது பச்சை காட்டலாம், எந்தத் தடம் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதையெல்லாம் கட்டுப்படுத்தும் கருவிகள் அதற்குள்தான் இருக்கும். அந்த அறைக் கதவுக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி சிக்னல் பிரிவு ஊழியரிடம், இன்னொன்று ஸ்டேஷன் மாஸ்டரிடம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கம்பியும் எனக்கு மனப்பாடம். ஸ்டேஷன் மாஸ்டருக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவர் சாவி கொடுக்காமல் நான் உள்ளே போக முடியாது. எப்போது திறந்தோம், எதற்காகத் திறந்தோம், எப்போது மூடினோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும்.

கருவியில் கை வைக்கும் முன்னால் டிஸ்கனெக்‌ஷன் மெமோ என்று ஒரு தாள் எழுதி ஸ்டேஷன் மாஸ்டரின் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் அவரையும் வைத்துக்கொண்டு இயக்கிச் சோதித்துவிட்டு, மறுபடி கையெழுத்து.

புதிதாக வேலைக்கு வந்தபோது இதெல்லாம் வீண் சம்பிரதாயம் என்று நினைத்தேன். ஒரு மூத்த மேஸ்திரிதான் விளக்கினார். "தம்பி, வண்டிக்குப் பொறுப்பு அவரு. அவருக்குத் தெரியாம நீ நல்லதே செஞ்சாலும் அது தப்புதான். நாளைக்கு ஏதாவது நடந்தா, நீ செய்யலேன்னு உன்னால நிரூபிக்க முடியாது. இந்தப் பூட்டு உன்னைக் காப்பாத்தறதுக்கும்தான்."

இதை முப்பத்தெட்டு ஆண்டு அலுவலகத்தில் கடைப்பிடித்த நான், வீட்டில் பதினோரு பேருடைய இரண்டு சாவிகளையும் என் ஒரே நோட்டில் வைத்திருந்தேன்.

நான் வைத்துக்கொண்ட விதிகள்

முதல் விதி: அடுத்தவர் ரகசிய எண் எனக்கு வேண்டாம். நோட்டைக் கிழித்தேன். பதினோரு பேரையும் எண்ணை மாற்ற வைத்தேன். அவர்கள் எண்ணை அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இது வெறும் நாகரிகம் அல்ல. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையைப் பாருங்கள். வாடிக்கையாளர் மீதோ வங்கி மீதோ தவறு இல்லாமல் வெளியார் மோசடியால் பணம் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்றது அது. ஆனால் ரகசிய விவரத்தைப் பிறரிடம் கொடுத்தது போன்ற கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு முழுவதும் வாடிக்கையாளருடையது என்றும் சொன்னது. நல்ல எண்ணத்தோடு நாம் வாங்கி வைத்துக்கொள்ளும் எண், நாளை அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய நியாயத்தையே கெடுத்துவிடலாம்.

இரண்டாவது விதி: போன் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். "கீழே பச்சைப் பட்டன் இருக்கு பாருங்க, அதை அழுத்துங்க" என்று வாயால்தான் சொல்வேன். நான் செய்தால் இரண்டு நிமிடம். அவர்கள் செய்தால் இருபது நிமிடம். ஆனால் என்னுடைய இரண்டு நிமிடம் மாதா மாதம் வரும். அவர்களுடைய இருபது நிமிடம் நாலைந்து தடவையோடு முடிந்துவிடும். வேலை முடிந்த பிறகு என் முன்னால் இன்னொரு தடவை அவர்களாகவே செய்துகாட்ட வேண்டும். டிஸ்கனெக்‌ஷன் மெமோவில் கடைசிக் கையெழுத்து மாதிரி.

மூன்றாவது விதி: நோட்டு அவர்கள் வீட்டில், அவர்கள் கையெழுத்தில், தமிழில். அதில் ரகசிய எண் இருக்கக் கூடாது, செய்முறை மட்டும்தான். அக்காவின் நோட்டில் இப்படி இருக்கிறது: "கரண்டு பில் கட்ட: நீலப் படத்தைத் தொடு. பல்பு படத்தைத் தொடு. பேர் சரியா என்று பார். தொகை பார். அப்புறம் எண் போடு." செல்போனின் மொழியையே தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. மாற்றிக் கொடுத்த அன்றே பாதிக் கேள்விகள் குறைந்தன.

நான்காவது விதி: நேரம். அவசரம் தவிர மற்றதற்கு மாலை நான்கு முதல் ஐந்து வரைதான். கூப்பிடுகிறவர் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: என்ன செய்ய நினைத்தீர்கள், எதை அழுத்தினீர்கள், திரையில் என்ன எழுதியிருக்கிறது. ரயில்வேயில் பழுதுப் பதிவேட்டில் நாங்கள் எழுதுவதும் இவைதான். "ஒண்ணும் வேலை செய்யலை" என்பதை வைத்துக்கொண்டு எந்தப் பழுதையும் பார்க்க முடியாது. பாதிப் பேருக்குத் திரையில் இருப்பதை எனக்குப் படித்துக் காட்டும்போதே விடை தெரிந்துவிடுகிறது.

ஐந்தாவது விதி: எந்த போன் வாங்கலாம், எந்தச் செயலி நல்லது என்று நானாகச் சொல்வதில்லை. சொன்னால் அந்தப் பொருளின் ஆயுள் உள்ளவரை அது என் பிள்ளை. அவர்களே கடையில் பார்த்து வந்து கேட்டால் கருத்துச் சொல்வேன்.

ஆறாவது விதி: உரிய இடம் இருக்கும்போது அங்கே அனுப்புவது. வங்கி விஷயத்துக்கு வங்கிக் கிளை. அரசுக் கட்டணங்களுக்கு 2005 முதல் நம் ஊரில் பெங்களூர் ஒன் மையங்கள் இருக்கின்றன. உயிர்ச் சான்றிதழுக்குத் தபால்காரரை வீட்டுக்கே அழைக்கலாம். 2021 நவம்பர் முதல் முகத்தைக் காட்டியே அதைச் செல்போனில் கொடுக்கவும் வழி இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டினால் பெரும்பாலும் ஒரே தடவையில் முடியும். விரல் ரேகை தேய்ந்துபோன எங்கள் பழைய தொழிலாளர்களுக்கு இது பெரிய உபகாரம்.

ரகசிய எண்ணே தெரியாமல் உதவவும் நேர்மையான வழி இருக்கிறது. 2024 ஆகஸ்டில் யு.பி.ஐ. சர்க்கிள் என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். மகன் தன் கணக்கில் தாயாரைத் துணைப் பயனாளராகச் சேர்க்கலாம். தாயார் கடையில் கட்டத்தைக் காட்டிப் பணம் கொடுக்க முயன்றால், மகனுக்குத் தகவல் போய், அவர் தன் எண்ணைப் போட்டதும் பணம் போகும். அல்லது ஒரு வரம்பு வைத்துவிட்டால், அதற்குள் தாயாரே கொடுத்துக்கொள்ளலாம். சாவி இரண்டு பேரிடமும் இருக்கிறது. எங்கள் ரிலே அறை மாதிரியேதான்.

இதற்கு மட்டும் நேரம் காலம் கிடையாது

நான்கு மணி விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பணம் பறிபோகும் ஆபத்து என்றால் நடு இரவிலும் கூப்பிடலாம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டு நோட்டிலும் முதல் பக்கத்தில் நான்கு வரி எழுத வைத்திருக்கிறேன். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை, கொடுப்பதற்கு மட்டும்தான். போனில் யாரோ சொன்னார்கள் என்று எந்தச் செயலியையும் இறக்காதே. நம் திரையை அவர்கள் அங்கிருந்தே பார்க்கும் செயலிகள் உண்டு. டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. வீடியோவில் போலீஸ் உடுப்போடு யார் மிரட்டினாலும் போனை வை. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராதே, வெட்கப்படாதே; உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடு, வங்கிக்கும் சொல்.

வெட்கம் என்று ஏன் எழுத வைத்தேன் என்றால், மாமா திட்டுவாரோ என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. மோசடியில் போன பணத்தை அடுத்த கணக்குகளுக்கு மாற்றுவதற்கு முன்னால் நிறுத்த முடிந்தால்தான் உண்டு. அரை மணி நேரத் தாமதம்கூடப் பெரிய தாமதம். அதனால் யாரையும் கேலி செய்வதை நான் விட்டுவிட்டேன்.

மனம் நோகாதா?

நோகத்தான் செய்தது. "நீ இருக்கும்போது நான் ஏன்டா இந்த வயசுல இதெல்லாம் கத்துக்கணும்?" என்று அக்கா கேட்டார். இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. சம்பந்தி, "சார் இப்போ பெரிய ஆளாயிட்டார், அப்பாயின்ட்மென்ட் வாங்கணும்" என்று ஒரு கல்யாணப் பந்தியில் பலர் கேட்கச் சொன்னார். சிரித்துவிட்டுச் சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இத்தனை விதி போட்டவன் என் சொந்த வீட்டை மறந்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு மார்கழியில் எனக்குக் கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு வாரம் செல்போன் பக்கமே போகக் கூடாது என்று என் மனைவி உத்தரவு. அந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டு மின்சாரக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்தது. பால்காரர் கணக்கு, தண்ணீர் கேன் கணக்கு எல்லாம் என் போனில்தான். நாற்பது ஆண்டு குடும்பம் நடத்தியவள் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றாள். "நீங்க ஒரு வாரம் படுத்ததுக்கே இப்படின்னா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அவள் முடிக்காமல் விட்டது எனக்குப் புரிந்தது. எங்கள் வயதில் இருக்கும் உங்களுக்கும் புரியும்.

என்னைப் பார்க்க வந்த அக்காதான் அன்று உதவினார். கைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் போனிலேயே பெஸ்காம் பில்லைக் கட்டினார். பிறகு என் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீலப் படத்தைத் தொடு. பேர் பார்த்தியா? அவசரப்படாதே" என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். கண்ணில் கட்டோடு நான் பக்கத்து அறையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு தடவை தவறாகச் சொன்னார். எழுந்து போய்த் திருத்தலாமா என்று கால் துடித்தது. போகவில்லை. அவர்களே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டார்கள்.

நம் சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், சங்கத்திலேயே நாலு நாற்காலி போட்டு உட்காருவோம். தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும். தெரியாதவர்கள் தங்கள் போனோடும் ஒரு நாற்பது பக்க நோட்டோடும் வரட்டும். சொல்லிக் கொடுக்கிறவர் யாருடைய போனையும் கையில் வாங்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. நான் வரத் தயார். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.